செக்போஸ்ட் அண்ணனுக்கு வந்த பூட்டிய மெயில்

செக்போஸ்ட் அண்ணனிடம் மாட்டிக்கொண்ட மெயில் லேசில் வெளியே வராது. எங்கள் சரக்கு அனுப்பும் கம்பெனியில் மாடிக்கு மாடி தெரிந்த விஷயம் இது. வெளியிலிருந்து வருகிற மெயிலோடு ஏதாவது இணைத்திருந்தால், அது முதலில் கம்ப்யூட்டரில் இருக்கிற ஒரு சல்லடையைத் தாண்ட வேண்டும். சந்தேகம் வந்தால் சல்லடை அதைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிடும். அந்த ஓரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் லாக்கப். லாக்கப்பில் நிற்பவற்றில் எதை உள்ளே விடலாம், எதைத் தூக்கிப் போடலாம் என்று தீர்மானிக்கிற வேலை அவருடையது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதே வேலையில் பாதியைப் பார்ப்பவள் நான். வேலைதான் பாதி, திட்டு முழுசாக எனக்கு விழும்.

"என் மெயில் வந்துச்சா இல்லையா?" என்று லாரிப் பிரிவு அம்மாள் வந்து நிற்பார்.

"வந்திருக்கு மேடம். லாக்கப்ல இருக்கு."

"அதை விட்டுத் தொலையேம்மா. அங்க கஸ்டமர் என் உயிரை வாங்கறான்."

"அண்ணன் போன் பண்ணிட்டு இருக்கார்."

"ஐயோ, போனா!" என்று தலையில் அடித்துக்கொண்டு போவார்.

அந்தப் போன்தான் அண்ணனின் வழக்கம். நிற்கிற மெயில் எதுவானாலும், அனுப்பியவரைப் போனில் கூப்பிடுவார். மெயிலின் அடியில் போட்டிருக்கிற எண்ணை நம்ப மாட்டார். நம்மிடம் முன்பே இருக்கிற எண்ணைத் தேடி எடுப்பார். ஆள் எடுத்ததும், "இன்னிக்கு எங்களுக்கு ஏதாவது அனுப்புனீங்களா?" என்பார். அனுப்பினேன் என்று அந்த ஆள் சொந்த வாயால் சொல்ல வேண்டும். என்ன அனுப்பினார் என்றும் சொல்ல வேண்டும். பூட்டிய ஃபைல் என்றால் பாஸ்வேர்டையும் போனில்தான் சொல்ல வேண்டும். அதை மெயிலிலேயே எழுதி அனுப்பியிருந்தால் தனியாக ஒரு பாடம் நடக்கும். "வீட்டைப் பூட்டிட்டுச் சாவியைக் கதவுலயே தொங்க விடுவீங்களா சார்?" இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

இன்னொரு சட்டமும் உண்டு. தன் பெயருக்கு வந்த மெயிலைத் தானே விடுவிக்கக் கூடாது. பக்கத்து ஆள் திறந்து பார்த்துத்தான் விட வேண்டும். தன் மெயில் என்று வந்துவிட்டால் யாருக்கும் கண் தெரியாது என்பது அவர் கட்சி. நானும் பேசிப் பார்த்திருக்கிறேன், மேனேஜரும் பேசிப் பார்த்திருக்கிறார். நடக்கவில்லை.

இந்தப் பிடிவாதம் அவர் கம்ப்யூட்டர் வகுப்பில் கற்றுக்கொண்டதில்லை. இளவயதில் அவர் எங்கள் கம்பெனிக் கிடங்கு வாசலில் நின்றவர். நிஜமான செக்போஸ்ட். உள்ளே வருகிற லாரியை நிறுத்தி, ஓட்டுநரைக் கீழே இறங்கச் சொல்லி, "என்ன ஏத்தியிருக்கீங்க? நீங்களே சொல்லுங்க" என்று கேட்பார். தாளைப் பிறகுதான் வாங்கிப் பார்ப்பார். "தாள்ல இருக்கறதை யார் வேணா எழுதலாம்மா. வாயால சொல்லும்போது தெரிஞ்சுபோயிடும்" என்பார். ஒருநாள் இரும்புப் பெட்டி ஒன்று சரிந்து வந்து அவர் முழங்காலில் உட்கார்ந்தது. இனி நாள் முழுக்க நிற்க முடியாது என்று ஆனதும், சாயங்கால வகுப்பில் சேர்ந்து படித்து மாடிக்கு வந்தார். வாசலில் இருந்த பெயரும் கூடவே மாடியேறி வந்துவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் போன்களைக் கேட்டுக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் இருந்தது. உடைந்த பெட்டிகளின் போட்டோவை அனுப்பியவரிடம் "இவ்வளவு பெரிசா அனுப்புனா எப்படி உள்ள வரும்? சின்னதாக்கி அனுப்புங்க" என்று ஆரம்பித்து, எப்படிச் சின்னதாக்குவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்து, கடைசியில் "ஏன் குரல் கம்மியிருக்கு? உடம்பு சரியில்லையா?" என்று முடிப்பார். முகமே பார்த்திராத ஏஜெண்டுகள் எத்தனை பேருக்கு ஜலதோஷம், எத்தனை பேர் வீட்டில் சண்டை என்று அவருக்குத் தெரியும். எல்லாம் குரலை வைத்துத்தான்.

அவருக்கு வருகிற போன் ஒன்றே ஒன்று. மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவர் மேஜை எக்ஸ்டென்ஷனில், அண்ணி கூப்பிடுவார். அண்ணன் முக்கால்வாசி நேரம் யாருடைய மேஜையிலாவது குனிந்து நின்றுகொண்டிருப்பார் என்பதால் எடுப்பது நானாக இருக்கும்.

"எங்கம்மா அவரு? செக்போஸ்ட்ல நிக்கிறாரா?"

"ஆமா அண்ணி. மூணாவது மாடியில யாரையோ பிடிச்சு வச்சிருக்கார்."

"சாப்பிட்டாரா?"

"டப்பா திறக்கவே இல்லை."

"இங்க இருந்து வந்தேன்னா இருக்கு அவருக்கு! நீ சாப்பிட்டியா முதல்ல?"

அண்ணி ஒரு மருந்துக் கடையில் கவுன்டரில் நிற்பவர். காது மந்தமான பெரியவர்களுக்கு எந்த மாத்திரை காலையில், எது படுக்கப் போகும்போது என்று உரக்கச் சொல்லிச் சொல்லி, இயல்பாகவே கொஞ்சம் கரகரத்த, பெரிய குரல். ரிசீவரைக் காதிலிருந்து விரல் தூரம் தள்ளிப் பிடித்துக்கொள்வேன். அண்ணன் வந்து வாங்கிக்கொண்டால், "ம்... சாப்பிட்டேன்... ம்... சரி... ம்" என்பதோடு சரி. பேசுவதெல்லாம் அந்தப் பக்கம்தான். ஆனால் அந்தப் போன் வந்துபோன பிறகுதான் அவர் டப்பாவைத் திறப்பார்.

அந்தக் குரலில் ஏதோ வித்தியாசம் என்று முதலில் கவனித்தவர் மருந்துக் கடைக்காரர். டாக்டரிடம் போனார்கள். குரல்வளையில் கட்டி. முற்றியிருந்தது. உயிர் வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இனி கழுத்தில் போடுகிற துளை வழியாகத்தான் மூச்சு. பிறகு பயிற்சி எடுத்தால் ஒரு விதமாகப் பேச வரலாம், ஆனால் இந்தக் குரல் வராது.

லீவு சொல்ல வந்தபோது அண்ணன் என் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஊர்ல இருக்கறவன் குரல் கம்மினா கண்டுபிடிக்கறேன். தினம் கேட்ட குரல்மா. எனக்குத் தெரியலையே" என்றார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணி பிழைத்துக்கொண்டார். அண்ணன் நீண்ட லீவு முடிந்து வேலைக்கு வந்தார். ஆனால் வந்தது பாதி ஆள்தான். ஏஜெண்டுகளுக்குப் போன் செய்வார், "அனுப்புனீங்களா? சரி" என்று வைத்துவிடுவார். ஜலதோஷ விசாரிப்பெல்லாம் நின்றுபோனது. இன்னொன்றும் மாறியிருந்தது. சாப்பாட்டு நேரம் ஆனால் எங்கிருந்தாலும் தன் நாற்காலிக்கு வந்துவிடுவார். முன்பெல்லாம் அந்த நேரத்தில் அவரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. இப்போது கரெக்டாக வந்து போன் எதிரே உட்கார்ந்திருப்பார். அது அடிக்காது. டப்பாவையும் திறக்க மாட்டார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"வீட்ல எப்படி இருக்காங்க அண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லா இருக்கா. எழுதிக் காட்டறா. பெரிய ஸ்க்ரீன் இருக்கட்டும்னு புதுப் போன் வாங்கிக் கொடுத்தேன். பழசை நல்லா அழிச்சுட்டு ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன்."

அதுதான் அவர். பழைய போனைக் கொடுத்தால் அதில் ஒரு பொட்டுத் தகவல் மிச்சம் இருக்காது.

"நீங்க பேசறீங்களா அவங்ககிட்ட?"

"அவ பேச முடியாம உட்கார்ந்திருக்கும்போது நான் மட்டும் எப்படிம்மா வாயைத் திறக்கறது? நானும் எழுதித்தான் காட்டறேன்."

"அண்ணா! அவங்களுக்குக் காதுக்கு என்ன? நல்லாத்தானே கேக்குது?" என்று வெடித்துவிட்டேன். மூக்கு மேல் கோபம் எனக்கு, என்ன செய்ய. அந்த வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து எழுதிக் காட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல். அன்று எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

லீவில் இருப்பவரின் பெயருக்கு வந்து லாக்கப்பில் நிற்கிற மெயிலை அவர் வரும்வரை யாரும் தொடுவதில்லை. அண்ணன் பெயருக்கு ஒரு குவியலே கிடந்தது. வந்த நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக என்னை வைத்துத் தீர்த்துக்கொண்டிருந்தார். அன்று காலை, கடைசியாக மிஞ்சியதில் ஒன்றைப் பார்த்துவிட்டு, "இது போலிம்மா" என்றார்.

எட்டிப் பார்த்தேன். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் மகள் பயன்படுத்துகிற மெயில் முகவரியிலிருந்து வந்திருந்தது. தலைப்பு இல்லை. உள்ளே ஒரு வரியும் இல்லை. ஒரே ஒரு பூட்டிய ஜிப் ஃபைல். பூட்டியிருந்தால் சல்லடையால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்திவிடும்.

"உங்க வீட்டு மெயில்தானே அண்ணா?"

"பாப்பாகிட்ட நேத்தே கேட்டேன். அவ அனுப்பலையாம். யாரோ நம்ம முகவரியைப் போட்டு அனுப்பியிருக்கான். தலைப்பு இல்லை, பூட்டு வேற. பார்த்தாலே தெரியலையா?"

"அண்ணி அனுப்பியிருந்தா?"

முதல் தடவையாக லேசாகச் சிரித்தார். "அவளா? மெயில்னாலே அலர்ஜி அவளுக்கு. போன் இருக்கும்போது எவன் எழுதிட்டு உட்கார்ந்திருப்பான்னு கேப்பா." சிரிப்பு அதோடு நின்றது. மெயிலைக் குப்பைத் தொட்டிக்கு இழுத்துவிட்டார். எங்கள் குப்பைத் தொட்டி, ஆபீஸ் மூடுகிற நேரத்துக்குத் தானாகக் காலியாகிவிடும். பிறகு யார் தலைகீழாக நின்றாலும் திரும்ப எடுக்க முடியாது. அதுவும் அவர் செய்து வைத்த ஏற்பாடுதான்.

சாயங்காலம் அண்ணன் மேனேஜர் அறையில் மீட்டிங்கில் இருந்தார். நான் கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். அப்போதுதான் போனைத் திருப்பிப் பார்த்தேன். அண்ணியிடமிருந்து மெசேஜ். மதியமே வந்து கிடந்திருக்கிறது.

'ஏம்மா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. ஆபரேஷனுக்குப் போற அன்னிக்குக் காலைல என் குரலைப் பதிஞ்சு அவர் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பினேன். கேட்டாரா? வேலைக்கு வந்து இத்தனை நாளாச்சு, ஒரு வார்த்தை சொல்லலை. கேக்கக் கஷ்டமா இருக்கோ அவருக்கு? இல்ல, பிடிக்கலையோ? பிடிக்கலைன்னாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன். அழிச்சிட மட்டும் வேண்டாம்னு சொல்லு. என்கிட்ட வேற இல்லை. அந்தப் போனைத்தான் அவர் துடைச்சுக் கொடுத்துட்டாரே. பாப்பா பார்த்துட்டு அழுவாளேன்னு அவ மெயில்லயும் அழிச்சிட்டேன்.'

கல்யாண வீடியோ, பிறந்தநாள் வீடியோ எல்லாம் எல்லார் வீட்டிலும் இருக்கும். ஆனால் அதிலெல்லாம் கூட்டத்தின் இரைச்சல்தான் இருக்கும். போதாததற்கு, போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பவர் எப்போதும் அண்ணி, படம் ஆடக் கூடாதென்று வாயைத் திறக்க மாட்டார். அவர் குரல் என்று தனியாக உட்கார்ந்து கேட்கும்படி உலகத்தில் இருந்தது இது ஒன்றுதான். அது குப்பைத் தொட்டியில் கிடக்கிறது. கடிகாரத்தைப் பார்த்தேன். அணைத்த கம்ப்யூட்டரை மறுபடி போட்டேன். சனியன், அன்றைக்கென்று நின்று நிதானமாக எழுந்தது. தொட்டியைத் திறந்தேன். இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. பிடித்து லாக்கப்புக்கு இழுத்தேன். அப்புறம்தான் மூச்சு விட்டேன்.

மேனேஜர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தேன். "அண்ணா, வெளிய வாங்க."

"என்னம்மா, மீட்டிங்..."

"வாங்கன்னா வாங்க!"

நான் அந்த அறையில் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. மேனேஜரே எழுந்து நின்றுவிட்டார். அண்ணன் நொண்டிக்கொண்டே வந்தார். வராந்தாவில் நிறுத்தி மெசேஜைக் காட்டினேன். படித்தார். திரும்பப் படித்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"தூக்கிப் போட்டுட்டேனேம்மா" என்றார்.

"எடுத்துட்டேன். இருக்கு. வாங்க."

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஸ்க்ரீனில் அந்த மெயிலைப் பார்த்தார். கையை நீட்டினார், மவுஸைத் தொடாமல் இழுத்துக்கொண்டார்.

"நீங்கதான் திறக்கணும். என் பேருக்கு வந்தது."

எனக்கு வந்ததே கோபம்! "அண்ணா, இப்பவுமா உங்க சட்டம்?"

"இப்ப எனக்குக் கண் தெரியலைம்மா. எதையாவது அழுத்திடுவேன். நீங்களே பண்ணுங்க."

சரி என்று உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு கேட்டது. "அண்ணிக்கு மெசேஜ் அனுப்பிக் கேட்கறேன்" என்று போனை எடுத்தேன்.

"வேண்டாம். போன் பண்ணுங்க."

"அண்ணா!" என்று கத்தியேவிட்டேன். "அவங்க எப்படிப் பேசுவாங்க? உங்களுக்கென்ன கிறுக்கா? உங்க பொண்டாட்டிதானே, எவனோ திருடனா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்: "சட்டத்துக்காகச் சொல்லலைம்மா. ஆபரேஷன் ஆனதுல இருந்து அவளுக்கு யாருமே போன் பண்றதில்லை. பேச முடியாதேன்னு எல்லாரும் மெசேஜ் அனுப்பறாங்க. நானும்தான். எத்தனை பேர்கிட்ட நாள் பூரா பேசினவ. அவ போன் அடிச்சே நாளாச்சு. ஒரு தடவை அடிக்கட்டும்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் மேஜைப் போனிலிருந்தே அழைத்தேன், ஸ்பீக்கரில் போட்டேன். நெடுநேரம் அடித்தது. எடுக்கலாமா என்று அந்தப் பக்கம் யோசிப்பது தெரிந்தது. பிறகு எடுத்தார். சத்தமில்லை. தூரத்தில் ஒரு மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது.

"அண்ணி, நான்தான். ஒண்ணும் பயப்படாதீங்க. ஆமான்னா போனை நகத்தால ஒரு தட்டு தட்டுங்க. இல்லைன்னா ரெண்டு தட்டு. சரியா?"

கொஞ்சம் கழித்து, 'டக்'.

அண்ணன் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்களுக்கு மெயில்ல ஏதாவது அனுப்புனீங்களா?"

'டக்.'

"பூட்டி அனுப்புனீங்களா?"

'டக்.'

"யாரு அண்ணி பூட்டச் சொன்னது?" என்றேன், வாய் சும்மா இருக்காமல். பதில் சொல்ல முடியாத கேள்வி. ஆனால் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டிலும் அதே பாடம்தான் நடந்திருக்கிறது: எதை அனுப்பினாலும் பூட்டி அனுப்பு. மெயில் பிடிக்காத பெண், புருஷன் சொன்ன ஒரு வார்த்தையை நினைவில் வைத்து, மருந்துக் கடையில் கூட வேலை பார்ப்பவளைக் கேட்டுக் கற்றுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அவசரத்திலும் ஒழுங்காகப் பூட்டி அனுப்பியிருக்கிறார். அதனாலேயே அது வந்து சேரவில்லை.

"பாஸ்வேர்டு நம்பரா?"

'டக்.'

"ஒவ்வொரு நம்பரா தட்டுங்க. நடுவுல கொஞ்சம் நிறுத்தித் தட்டுங்க."

'டக், டக், டக்.' நிறுத்தம். 'டக், டக், டக், டக்.' நிறுத்தம். 'டக், டக்.' அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

"மூணு, நாலு, ரெண்டு. அவ்வளவுதானா அண்ணி?"

'டக்.'

நான் நிமிர்ந்து எதிரே இருந்த போனைப் பார்த்தேன். அதன் மேல் ஒட்டிய வெள்ளைத் துண்டில் எழுதியிருந்தது, 342. அண்ணன் எக்ஸ்டென்ஷன். மருந்துக் கடையிலிருந்து தினமும் மதியம் கேட்டு வாங்குகிற நம்பர்.

"மூணே நம்பரா?" என்றார் அண்ணன், பழைய அண்ணனாக. "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், பெரிசா வை, எழுத்து, நம்பர் எல்லாம் கலந்து வைன்னு. யார் வேணா..." வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து படபடவென்று தட்டுகள் விழுந்தன. ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. அது திட்டு. கேட்டுப் பழகிய எனக்குத் தெரியாதா?

ஃபைல் திறந்தது. உள்ளே வரிசையாகப் பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார் அண்ணி. தினமும். மழை வந்தா. தலைவலின்னா. கோவமா இருந்தா. பாப்பா பரீட்சை அன்னிக்கு. லேட்டானா. திறந்து பார்த்துத்தான் விட வேண்டும் என்பது சட்டமாயிற்றே. இயர்போனை மாட்டிக்கொண்டு முதலாவதை மட்டும் அழுத்தினேன்.

"ஏங்க, மணி என்ன ஆச்சு? சாப்பிட்டீங்களா? பொய் சொல்லாதீங்க, குரல்லயே தெரிஞ்சுடும் எனக்கு. எழுந்து போய்க் கையைக் கழுவுங்க முதல்ல. பக்கத்துல அந்தப் பொண்ணு இருக்காளா? அவளையும் சாப்பிடச் சொல்லுங்க, எப்பப் பார்த்தாலும் பிஸ்கட்டைக் கொறிச்சுட்டு..."

பழக்கதோஷம், இயர்போனைக் காதிலிருந்து விரல் தூரம் தள்ளிப் பிடித்தேன். அவ்வளவு பெரிய குரல். ஒரு மாற்றமும் இல்லை, ஒரு சொட்டு அழுகை இல்லை. போகப்போகிற குரல் என்று தெரிந்துகொண்டு, உட்கார்ந்து அதில் இதைத்தான் சொல்லி வைத்திருக்கிறார். இயர்போனைக் கழற்றி அண்ணன் கையில் வைத்தேன்.

"மிச்சத்தை நீங்களே செக் பண்ணிக்கோங்க" என்றேன். "சட்டம் எனக்குத் தெரியும். நாளைக்கு வந்து திட்டுங்க."

அவர் திட்டவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு கையால் இயர்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் மேஜைக்கு அடியில் இருந்த டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். மதியம் சாப்பிடாத டப்பா.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எக்ஸ்டென்ஷன் அடித்தது. அண்ணன் எங்கோ நின்றிருந்தார். எடுத்தேன்.

'டக், டக். டக்.' 'எங்கம்மா அவரு?' என்று கேட்பது போலவே இருந்தது.

"செக்போஸ்ட்ல நிக்கிறார் அண்ணி. இதோ கூப்பிடறேன்" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் அந்தப் போன் வருகிறது. ஆனால் ஒன்று தலைகீழாக மாறிவிட்டது. இப்போது பேசுவதெல்லாம் இந்தப் பக்கம். காலையிலிருந்து எந்த மெயில் நின்றது, லாரிப் பிரிவு அம்மாள் எப்படிக் குதித்தார், மேனேஜர் என்ன உளறினார் என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பார். இந்த மனுஷனுக்குள் இவ்வளவு பேச்சு எங்கே இருந்தது என்று நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். நடுநடுவே தட்டு விழும், சிரிப்பார். வீட்டிலும் எழுதிக் காட்டுவதை விட்டுவிட்டார் என்று பாப்பா சொன்னாள். அப்பா வாயே மூடுவதில்லையாம்.

பதிவுகளில் அன்றைக்கு முதலாவதை மட்டும்தான் கேட்டாராம், மிச்சத்தை இஷ்டத்துக்குத் திறப்பதில்லை. அண்ணி என்ன பெயர் வைத்தாரோ அந்த நேரத்துக்குத்தான் அது. தினமும் என்பதைத் தினமும் கேட்பார். மழைக்கு உள்ளதைக் கேட்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருநாள் தூறல் விழுந்தபோது அவர் எழுந்த வேகத்தைப் பார்த்து ஆபீஸே சிரித்தது. தலைவலி அவருக்கு வருவதே இல்லை. ஒருநாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நடிக்காதீங்க அண்ணா" என்றேன். "இல்லம்மா, லேசா வலிக்குது" என்று சொல்லிவிட்டு இயர்போனை எடுத்தார்.

பாப்பாவுக்குப் பரீட்சையும் வந்தது, அவருக்குக் கோபமும் வந்தது. லேட்டானா மட்டும் பாக்கி. முழங்கால் காரணமாக அவர் ஆபீஸ் விட்டதும் கூட்டமில்லாத முதல் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். லேட்டாவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

போன வாரம் ஒருநாள் எனக்கு வேலை நீண்டுவிட்டது. எல்லாரும் போய், பாதி விளக்குகளை அணைத்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் அண்ணன் நாற்காலியில் இருக்கிறார். லாக்கப் காலி. மேஜை துடைத்து வைத்தது போல இருக்கிறது. பையை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணா, வேலை ஒண்ணும் இல்லையே? கிளம்பலையா?"

"இல்லம்மா." தயங்கினார். "லேட்டாகணும்."

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. புரிந்ததும் என் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டேன். வெளியே தெருவிளக்கு எரியத் தொடங்கியது. அவர் நிதானமாக இயர்போனை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்து, அழுத்தினார். அந்தப் பக்கம் எப்படிப்பட்ட திட்டோ தெரியாது, உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். சிரித்தார். கண்ணாடிக்குக் கீழே விரலை விட்டுத் துடைத்துக்கொண்டார்.

அப்போது மேஜைப் போன் அடித்தது. இந்த நேரத்தில் யார் என்று நான்தான் எட்டி எடுத்தேன். காதில் வைத்ததும் படபடவென்று விழுந்தது. நகம் உடைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது எனக்கு.

"வரார் அண்ணி, வரார்! இங்கதான் இருக்கார், ஒண்ணும் ஆகலை!" என்று ரிசீவரை அவரிடம் நீட்டினேன்.

இயர்போனைக் கழற்றாமல், மற்றக் காதில் ரிசீவரை வைத்துக்கொண்டார். "வந்துட்டேன்," என்றார், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து. "இதோ, வந்துட்டேன்."